பாட்டு வீட்டுக்கும் ஒரு வரிசை நாற்காலி

அஞ்சலகத்தில் ஆயுள் முழுக்கக் கடிதம் பிரித்து, ஓய்வு பெற்ற பின் வயலினில் ராகம் பிரித்துக்கொண்டிருக்கும் எங்கள் அவைத்தலைவர் அவர்களே! வேலை நாளில் ஒரு வேடமும் விடுமுறை நாளில் வேறொரு வேடமும் பூண்டு, இரண்டுக்கும் நடுவே சட்டை மாற்ற நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பகுதிநேர இசைக்கலைஞர்களே! அவர்களைப் பெற்றெடுத்த பெரியோர்களே! பெற்றதோடு பொறுப்பு முடியவில்லை என்று அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ஒலிவாங்கியை என் உயரத்துக்கு இறக்கி வைத்த ஒலிபெருக்கிக்காரரே! என் மனைவியே! என் மகளே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே நன்றியுரை என்று அச்சிட்டிருக்கிறார்கள். கலைஞர்களின் குடும்பத்தார் சார்பில் நன்றியுரை. நம் பகுதிநேர இசைக்கலைஞர் சங்கத்தின் செயலாளர், இதோ மேடையில் என் வலப்பக்கம் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், அஞ்சு நிமிஷம் பேசுங்க. வீட்ல எல்லாரும் எவ்வளவு பெருமையா இருக்காங்கன்னு சொல்லுங்க, போதும்" என்றார். அவருக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பட்டப்பெயரே அஞ்சு நிமிஷம்தான். ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள். அவருடைய அஞ்சு நிமிஷத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை கரைந்து போயின என்று எனக்கல்லவா தெரியும்?

பெருமை பேச வேண்டுமாம். பேசலாம். பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் பெருமைக்கு முன்னால் பொருமல் ஒன்று இருக்கிறது. வெளியே வராத பொருமல் வயிற்றைக் கெடுக்கும் என்பதால், அதை முதலில் இந்த அவையில் இறக்கி வைக்கிறேன்.

நான் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். படிக்கிற காலத்தில் பேச்சுப்போட்டி என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். பிறகு பிழைப்பு வந்தது, பேச்சு போயிற்று. இத்தனை ஆண்டுகளாக நான் பேசிக்கொண்டிருப்பது கம்ப்ரஸரோடுதான். அது குறுக்கே பேசாது, அஞ்சு நிமிஷம் என்று பொய் சொல்லாது. அதனால் இன்று இத்தனை மனிதர்களை ஒரே இடத்தில் கண்டதும், அடைத்து வைத்த பேச்சு அணை உடைத்துக்கொண்டு வருகிறது. பொறுத்தருள வேண்டும்.

என் மனைவியை உங்களில் பலருக்குத் தெரியும். வார நாளில் மருந்துக்கடைக்காரி. மருத்துவர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். வாரக் கடைசியில் பாட்டுக்காரி. திருமண வரவேற்பு, கடைத் திறப்பு, பிறந்தநாள், பணி ஓய்வு விழா, எங்கே மேடை போட்டாலும் அங்கே அவள் குரல் இருக்கும்.

இது எப்படித் தொடங்கியது? சொல்கிறேன். அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் குழந்தைக்குப் பிறந்தநாள். யாரோ ஒருவர் வேண்டாத வேலையாக அவள் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார். அவள் பாடினாள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பந்தியின் ஓரத்தில் இதோ இந்தச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். பகலில் திரைச்சீலைக் கடை மேலாளர், மற்ற நேரத்தில் கீபோர்டு வாசித்து ஒரு இசைக்குழுவை நடத்துபவர். பாட்டு முடிந்ததும் எழுந்து வந்தார். "தங்கச்சி, ஒரே ஒரு நிகழ்ச்சி. எங்க பாடகிக்குத் தொண்டை கட்டியிருக்கு. அடுத்த வாரம் சரியாயிடும்."

அந்தத் தொண்டை இன்றுவரை சரியாகவில்லை, ஐயா. என்ன நோயோ, எந்த மருத்துவருக்கும் பிடிபடவில்லை.

அன்று தொடங்கியது. ஒரே ஒரு நிகழ்ச்சி என்பது ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஆயிற்று. ஒத்திகைக்கு இடம் வேண்டும் என்றார்கள். எங்கள் முன்னறை பெரிது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று வந்தது. "இன்னிக்கு மட்டும் இங்க இருக்கட்டும் மச்சான்" என்றார்கள். அந்த இன்று முடியவே இல்லை. என் மகள் அதன் மேல் புத்தகத்தை வைத்து வீட்டுப்பாடம் எழுதினாள். நான் அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துத் திட்டு வாங்கினேன். ஒரு கட்டத்தில் அதற்குத் தனியாகச் சாப்பாடு போடாத குறைதான்.

இன்னொன்று கேளுங்கள். ஊரில் யார் வீட்டுத் தண்ணீர் குளிரவில்லை என்றாலும் ஓடிப்போய்க் குளிர வைப்பவன் நான். என் வீட்டில் எனக்குக் குளிர்ந்த நீர் கிடையாது. ஏன்? அவள் தொண்டை கெட்டுவிடுமாம். சரி, அவள் குடிக்க வேண்டாம், நான் குடிக்கலாமே என்றால், நான் குடிப்பதைப் பார்த்தால் அவளுக்கும் ஆசை வந்துவிடுமாம். கோடைக்காலத்தில், உச்சி வெயிலில், பிறர் வீட்டுப் பெட்டிகளை எல்லாம் குளிர வைத்துவிட்டு வந்து, என் வீட்டில் வெந்நீர் குடிக்கும் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வேன்? இந்த அவையிடம் சொல்கிறேன்.

அங்கே இரண்டாம் வரிசையில் ஒரு அம்மா தலையாட்டுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா? ஆட்டுங்கள் அம்மா, நன்றாக ஆட்டுங்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

ஆனால், பெரியோர்களே, என் எரிச்சல் ஒலிபெருக்கியால் வந்ததில்லை, வெந்நீரால் வந்ததில்லை. அவற்றை நான் சகித்துக்கொண்டேன். என்னால் சகிக்க முடியாதது ஒரு கேள்வி. கடைத்தெருவில் கேட்கிறார்கள், பேருந்தில் கேட்கிறார்கள், நான் பெட்டி பழுது பார்க்கப் போகும் வீட்டில், தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கிறார்கள். "சம்சாரத்தைப் பாட்டுக்கு அனுப்புறீங்களா?"

அனுப்புகிறேனா? அவள் என்ன பார்சலா, நான் முகவரி எழுதி அனுப்புவதற்கு? நான் என்ன அனுமதி வழங்கும் அலுவலகமா, முத்திரை குத்திக் கொடுப்பதற்கு?

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். தங்கமான மனிதர். அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர் கோல்களைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினால், "அண்ணன் கச்சேரிக்குக் கிளம்பிட்டார்" என்று தெருவே வழி விடுகிறது. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரை எவரேனும் கேட்டதுண்டா? அண்ணே, நீங்களே சொல்லுங்கள், கேட்டதுண்டா? இல்லை என்கிறார். என் மனைவி ஒரு புடவையை எடுத்து மடிப்பு வைக்கும்போதே கேள்வி வந்துவிடுகிறது. அவர் போனால் அது கலை. அவள் போனால் அது கவலை. அவருக்கு வாழ்த்து, அவளுக்கு விசாரணை. ஒரே மேடை, ஒரே பாட்டு, ஒரே கைதட்டல். வீடு திரும்பும் வழியில் மட்டும் இரண்டு நியாயமா?

இந்த இரண்டு நியாயம் எங்கள் வீட்டுக்குள் புகுந்து என்ன செய்தது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

என் மகள் நாலாம் வகுப்புப் படிக்கிறாள். சில மாதங்களாகத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்புவாள். பிடிவாதம் கூடிவிட்டது என்று நினைத்தோம். ஒருநாள் அவள் வகுப்பு ஆசிரியை எங்கள் இருவரையும் அழைத்தார். "உங்க பொண்ணு நான் பேசும்போது என் கண்ணைப் பாக்கறதில்லைங்க. என் உதட்டைப் பாக்கறா. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிட்டா அவளுக்குப் பாடம் நின்னு போயிடுது. ஒரு தடவை காதைக் காட்டிடுங்க."

காட்டினோம். காது மருத்துவர் ஒரு கருவியை வைத்துச் சோதித்தார். குழந்தைக்குப் பாதி ஒலிகள் கேட்கவில்லை. நாங்கள் பதறிப்போனோம். ஆனால் மருத்துவர் பதறவில்லை. "அடிக்கடி ஜலதோஷம் பிடிச்சதுல, செவிப்பறைக்குப் பின்னாடி தண்ணி தேங்கிப் பசை மாதிரி ஆயிருக்கு. சின்னதா ஒரு குழாய் வெச்சா வடிஞ்சிடும். ஒரே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். பிள்ளைங்களுக்கு இது சகஜம்" என்றார்.

என் மனைவி கேட்டாள். அவள் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "டாக்டர், எங்க வீட்ல பாட்டு ஒத்திகை நடக்கும். பெரிய ஸ்பீக்கர் இருக்கு. அதனாலயா?"

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நிஜமாவா டாக்டர்?"

"நிஜமாத்தான்."

தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். என் பட்டறை வீட்டை ஒட்டியே இருக்கிறது. காலையில் தொடங்கினால் மாலைவரை அங்கே ஏதாவது ஒரு கம்ப்ரஸர் அலறிக்கொண்டே இருக்கும். ஒத்திகை வாரத்தில் ஒருநாள், என் இரைச்சல் நாள்தோறும். ஆனால் மருத்துவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றிற்று. குற்றம் தன் பக்கம்தான் இருக்கும் என்று அவள் மனதுக்கு யார் பழக்கிக் கொடுத்தார்கள்? நேற்றுவரை நடுத்தெருவில் நின்று கேள்வி கேட்டவர்கள் பழக்கிக் கொடுத்தார்கள்.

போதாததற்கு என் அக்கா வந்தாள். என் உடன்பிறந்த அக்கா. பழம் வாங்கிக்கொண்டு வந்தாள், குழந்தையை மடியில் இருத்திக்கொண்டாள், பாசத்தில் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தொடங்கினாள். "நான் அப்பவே சொன்னேன். அம்மாக்காரி மைக்கைப் பிடிச்சுக்கிட்டு மண்டபம் மண்டபமா போனா, பிள்ளை காது என்னத்துக்கு ஆகும்?"

"அக்கா, டாக்டரே சம்பந்தம் இல்லன்னு சொல்லிட்டார்" என்றேன்.

"டாக்டருக்கு என்னடா தெரியும்? அவரா இந்த வீட்ல குடியிருக்கார்?"

என் அக்கா இன்று இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் இதைச் சொல்லியிருப்பேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

அக்கா பேசும்போது என் மனைவி எதிரே நின்று துவைத்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் செயலாளருக்குத் தொலைபேசி செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் குரல் எப்போதும் போல எனக்கும் கேட்கும்படி இருந்தது.

"அண்ணா, அந்தச் சனிக்கிழமை வரவேற்புக்கு என்னால வர முடியாது. பாப்பாவுக்குக் காதுல ஆபரேஷன்."

"அடடா, அப்படியா தங்கச்சி? எத்தனை மணிக்கு?"

"காலைல."

"அப்போ பிரச்சினை இல்ல. நம்ம நிகழ்ச்சி சாயங்காலம்தானே."

அவையே சிரிக்கிறது. செயலாளரும் சிரிக்கிறார். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னாள். "அண்ணா, இந்தச் சனிக்கிழமை மட்டும் இல்ல. இனிமே எந்தச் சனிக்கிழமையும் இல்ல. வேற ஆளைப் பாத்துக்குங்க."

வைத்துவிட்டாள். அழவில்லை. உலை வைக்கப் போய்விட்டாள். மறுநாளே வேன் ஓட்டுநர் வந்து ஒலிபெருக்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, "வரேன் மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடி நடந்தது. குழந்தை கண் விழித்தாள். செவிலியர் குனிந்து, "என்ன கண்ணு, முழிச்சிட்டியா?" என்றார். என் மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏன் இவ்ளோ கத்துறீங்க?" என்றாள். அந்தச் செவிலியர் கத்தவே இல்லை. என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நாங்கள் இருவரும் அந்தக் கட்டிலின் இருபக்கமும் நின்று, அந்தப் பிள்ளை எங்களை அதட்டியதற்காக மகிழ்ந்தோம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கேள்வி. வண்டி திரும்பும்போது விளக்கு டிக் டிக் என்று அடிக்கிறதே, அது எப்போதும் அடிக்குமா? செருப்பு தேய்கிறதே, எல்லாருடைய செருப்பும் தேயுமா? மழை கண்ணாடியில் விழுந்தால் இப்படித்தான் கேட்குமா? வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, "அப்பா, நம்ம ஃபிரிட்ஜ் உறுமுது. ரிப்பேர் பண்ணுங்க" என்றாள். ஊர்ப் பெட்டியெல்லாம் பழுது பார்க்கிறவன் வீட்டுப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு அது பழகிப்போயிருந்தது. அவளுக்கு அது புதுச் சத்தம்.

இனி எல்லாம் சுகம் என்றுதானே நினைப்பீர்கள்? பாட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. முன்னறை விசாலமாயிற்று. வெந்நீர் போய்த் தண்ணீர் வந்தது. உறவினர்கள் வந்து உட்கார்ந்து, "இப்பதான் குடும்பம் குடும்பமா இருக்கு" என்றார்கள். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஆனால் என் மனைவி ஊமையாகிவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். மருந்துக்கடையிலிருந்து வந்தாள், சமைத்தாள், வீட்டுப்பாடம் பார்த்தாள், விளக்கை அணைத்தாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது ஒரு முணுமுணுப்பு வருமே, கதவைத் தாழிடும்போது நாவில் ஒரு சந்தம் புரளுமே, அது இல்லை. அடுப்படியில் இல்லை, கொடிக்கம்பியடியில் இல்லை, எங்குமே இல்லை. நான் கேட்ட அமைதி இதுவா? இந்த அமைதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இரைச்சலோடு இருந்தபோது எரிந்து விழுந்தவன், இரைச்சல் நின்றதும் இருப்புக் கொள்ளாமல் அலைந்தேன். சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல்கூட ஏக்கம் வந்துவிட்டது.

ஒரு விடுமுறைப் பகல். அந்த உறுமும் பெட்டியை ஒருவழியாகக் கழற்றிச் சரி செய்துகொண்டிருந்தேன். என் மகள் பக்கத்தில் குந்தியிருந்தாள். என் மனைவி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திருகாணியை இறுக்கியதும் உறுமல் நின்றது. வீடே சட்டென்று அடங்கிற்று. அந்த அடக்கத்தில் என் மகள் கேட்டாள்.

"அப்பா, அம்மா ஏன் இப்பல்லாம் பாடவே மாட்டேங்கறா?"

"அம்மாவுக்கு வேலை இருக்குடா கண்ணு."

"முன்னாடி வேலை செஞ்சுக்கிட்டேதானே பாடுவா? வாய் அசையறது எனக்குத் தெரியும். ஆனா சரியா கேட்டதே இல்லப்பா. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டுக் கேக்கற மாதிரி இருக்கும். இப்ப நல்லாக் கேக்கும்ல?"

பக்கத்து அறையில் துணி உதறும் ஓசை நின்றிருந்தது.

பிறகு, அவையோரே, அங்கிருந்து ஒரு வரி வந்தது. ஒரே ஒரு வரி. மேடைக்கான குரலில் இல்லை. துணி மடிக்கிற குரலில். என் மகள் எழுந்து வாசற்படியில் போய் நின்றாள். வாயைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வரி முடிந்ததும் சொன்னாள்: "நல்லாருக்கும்மா. ஆனா இவ்ளோ சத்தமா வேண்டாம்."

என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை ஒரு துண்டில் புதைத்துக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னங்க, டாக்டர் சொன்னது நிஜந்தானே?" என்றாள்.

"நிஜந்தான். வேணும்னா அவரையே கூட்டிட்டு வந்து உன் முன்னாடி சத்தியம் பண்ணச் சொல்லவா?"

"பாடறது எனக்குப் பிடிக்கும்ங்க. ஆனா இப்படி ஓடறது பிடிக்கல. ரெண்டையும் சேத்தே சொல்ல முடியுமா? யார்கிட்ட சொல்றது?"

யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிறு காலையே இருவரும் கிளம்பி, இதோ இந்தச் செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

"வாங்க மச்சான், வா தங்கச்சி" என்று எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னோம். முகம் வாடிப்போயிற்று. "நான் என்ன மச்சான் தப்பாக் கேட்டுட்டேன்? காலைல ஆபரேஷன், சாயங்காலம் நிகழ்ச்சி. நேரம் இடிக்கலையேன்னுதான் சொன்னேன்."

"நேரம் இடிக்கலண்ணா. மனசுதான் இடிச்சுது" என்றாள் என் மனைவி.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். அவரும் இந்த அவையில்தான் இருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணா, வந்ததுதான் வந்தீங்க, எங்க வீட்டுக்கும் சேத்துக் கேளுங்க. மூத்தவன் பொறந்தப்ப இவர் எங்க இருந்தார்னு கேளுங்க."

கேட்டேன். "ஒரு கல்யாணத்துல வாசிச்சிட்டிருந்தேன்" என்றார்.

"யாரோட கல்யாணம்?" என்றார் அந்த அம்மா.

இவர் யோசித்தார். "ஞாபகம் இல்ல."

"பாத்தீங்களா? அது யார் வீட்டுக் கல்யாணம்னுகூட இவருக்கு ஞாபகம் இல்ல. எனக்கு அன்னிக்கு வந்த ஒவ்வொரு வலியும் ஞாபகம் இருக்கு."

குரலை உயர்த்தாமல் சொன்னார். செயலாளர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் அத்தனை வேகமாக ஓடும் விரல்கள், அன்று அசையவில்லை. பிறகு, "என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றார்.

இரண்டு பெண்களும் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. தேதியை முன்கூட்டியே சொல்ல வேண்டும், விடிந்தால் நிகழ்ச்சி என்று வந்து நிற்கக் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது எவர் திருமணமானாலும் தொடக் கூடாது. ஒத்திகை ஒரே வீட்டின் தலையில் விடியக் கூடாது, எல்லார் வீட்டுக்கும் சுற்றி வர வேண்டும். முடியும் நேரம் என்று சொன்னால் அது முடியும் நேரமாகவே இருக்க வேண்டும். வர முடியாது என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று ஒருமுறை கேட்கலாம், எத்தனை மணிக்கு என்று கேட்கக் கூடாது.

அவர் பேரம் பேசினார். பேசத்தான் செய்தார். மாதத்தில் ஒரு ஞாயிறா என்று தலையைச் சொறிந்தார். அவர் மனைவி பார்த்த பார்வையில் ஒப்புக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். எங்கே சரியாகிறது? முடியும் நேரம் இன்னும் முடிவதில்லை. தேதி சில முறை முன்கூட்டி வருகிறது, சில முறை நிகழ்ச்சியோடு கைகோத்துக்கொண்டு வருகிறது. ஒத்திகை சுற்ற ஆரம்பித்து வேன் ஓட்டுநர் வீட்டுக்குப் போன அன்று, அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு, "இவ்வளவு நாளா இதைத்தான் அந்த வீட்ல வாசிச்சீங்களா?" என்று கேட்டாராம். கேட்டீர்கள்தானே, அக்கா? ஆமாம் என்கிறார். அவர் அன்றைக்கே ஒரு தட்டில் பலகாரம் வைத்து என் மனைவிக்கு அனுப்பினார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. தட்டு பேசிற்று.

என் மனைவி மீண்டும் பாடப் போன முதல் நிகழ்ச்சிக்கு நானும் என் மகளும் கூடவே போனோம். திருமண வரவேற்பு. எங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது. முன்பெல்லாம் இப்படிப் போனால் மண்டபத்துக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பேன். குடும்பத்தார் என்றால் இசைக்குழுவுக்கு அதுதான் இடம். அன்று என் மகள் விடவில்லை. அம்மா பாடுவதைக் கேட்க வேண்டும் என்று என் கையை இழுத்துக்கொண்டு நேரே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

விழா வீட்டுக்காரர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பொறுப்பான மனிதர், குறை சொல்வதற்கில்லை. "சார், இது நெருங்கின சொந்தக்காரங்களுக்கு ஒதுக்கின வரிசை. நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

பேச்சுப்போட்டி மேடை ஏறியவன் நான். எனக்குப் பேச்சு வரவில்லை. பெண் வீடும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை. பின் யார் நாங்கள்? விருந்தாளி இல்லை, வேலைக்காரர் இல்லை. எந்தப் பெயரில் அங்கே உட்காருவது? எழுந்திருக்கப் போனேன்.

என் மகள் எழவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள். "நாங்க பாட்டு வீடு."

"எந்த வீடும்மா?"

"பாட்டு வீடு. அங்க நின்னு பாடறாங்கல்ல, அவங்க எங்க அம்மா."

அவர் மேடையைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். "பாட்டு வீட்டுக்குன்னு நாங்க நாற்காலி போடலையேம்மா" என்றார். கேலியில்லை, உண்மையாகவே வருந்திச் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே போய் ஓரத்தில் அடுக்கியிருந்த நாற்காலிகளில் இரண்டை உருவிக்கொண்டு வந்து, மேடைக்குப் பக்கத்தில், பாடுகிறவள் முகம் தெரியும் இடத்தில் போட்டார். "இங்க உக்காருங்க. இது பாட்டு வீடு" என்றார்.

அன்பிற்குரிய அவையே! என் எரிச்சலெல்லாம் திரண்டு வந்து நிற்கும் இடம் இதுதான். இத்தனை ஆண்டுகளாக எங்களுக்கு நாற்காலி இல்லை. பாடுகிறவர் மேடையில் நிற்பார், கேட்கிறவர் எதிரே அமர்வார், பாடுகிறவரின் பிள்ளை எங்கே இருக்கும்? ஒருவராவது கேட்டதுண்டா? அந்தக் குரல் எந்த அடுப்படியிலிருந்து புறப்பட்டு வந்தது? அந்த விரல் எந்தத் தொட்டிலை ஆட்டிவிட்டு வந்தது? அந்த ஒரு மாலைக்காக எந்த வீட்டில் யார் தனியே சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்? பாட்டு ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை, ஐயா. வீட்டிலிருந்து வருகிறது. வீடு வாடினால் பாட்டும் வாடும்.

செயலாளர் அவர்களே, நேரமாயிற்று என்று சீட்டு அனுப்புகிறீர்கள். பார்த்தேன். கொஞ்சம் உட்காருங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

கலைஞர்களே, இனி ஒரு நிகழ்ச்சி பேசும்போது, எத்தனை பேர் வாசிக்க வருகிறீர்கள் என்று கேட்பார்கள். சொல்லுங்கள். கூடவே, எங்கள் வீட்டார் இத்தனை பேர் கேட்க வருவார்கள் என்றும் சொல்லுங்கள். கூசாமல் சொல்லுங்கள். விழா நடத்துகிறவர்களே, பெண் வீட்டுக்கு ஒரு வரிசை போடுகிறீர்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு வரிசை போடுகிறீர்கள். பாட்டு வீட்டுக்கும் ஒரு வரிசை போடுங்கள். முன்னே வேண்டாம், ஓரத்தில் போடுங்கள், போதும். தெருவில் நின்று கேள்வி கேட்கிறவர்களே, கேளுங்கள், கேட்காமல் உங்களால் இருக்க முடியாது. ஆனால் அம்மாவிடம் கேட்கும் கேள்வியை அப்பாவிடமும் கேளுங்கள். பாடுகிறவளிடம் கேட்பதை டிரம்ஸ் அடிக்கிறவரிடமும் கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டிருப்பவனிடம் மட்டும் எதையும் கேட்காதீர்கள், வேலை கெடுகிறது.

எங்களுக்குப் பாட்டும் வேண்டும், வீடும் வேண்டும். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று எவர் சொன்னாலும் ஒப்பாதீர்கள். எரிந்துகொண்டே, முணுமுணுத்துக்கொண்டே, நாள்காட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இரண்டையும் தூக்கிச் சுமப்போம். சுமக்கிற தோள் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவே என் வேண்டுகோள்.

நன்றியுரை என்று அழைத்தீர்கள். இதோ நன்றி. பாடகர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்ட அண்டை வீட்டுக்காரர்களுக்கு நன்றி. உதட்டைப் பார்க்கிறாள் என்று கண்டு சொன்ன அந்த ஆசிரியைக்கு நன்றி. ஆறிய சோற்றை எத்தனையோ முறை சூடு பண்ணி வைத்த அத்தனை கைகளுக்கும் நன்றி, அவற்றில் ஆண்களின் கைகளும் இப்போது உண்டு என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். பொறுமையாக அமர்ந்து என் பொருமலைக் கேட்ட உங்களுக்கு நன்றி.

அடுத்து என் மனைவி பாடுவாள். இத்தனை நேரமும் நான் பேசிவிட்டேன். இனிக் கீழே இறங்கிப் போய் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன். அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.